பாகுப் பதமும் பிளஸ் டூ புத்தகமும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பிளஸ் டூ அறிவியல் பிரிவில் பிள்ளை படிக்கிற வீட்டார் நேரம் ஒதுக்கிப் படித்தால் நல்லது.

ஓய்வு பெற்றுவிட்டாலும், சந்தேகம் கேட்டு வருகிற பிள்ளைகளின் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. நம் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிய பிறகு பிள்ளைகள் கையில் இருப்பது என்சிஇஆர்டி வேதியியல் புத்தகம். முன்பு பன்னிரண்டாம் வகுப்புக்கு 16 பாடங்கள் இருந்தன. இப்போது 10. கொரோனாவுக்குப் பிறகு பிள்ளைகளின் சுமையைக் குறைக்கிறோம் என்று 2022-ல் கத்தரி போட்டார்கள். திடநிலை போயிற்று. புறப்பரப்பு வேதியியல் போயிற்று. பலபடிகள், அதாவது பாலிமர், அதுவும் போயிற்று. 2024 முதல் நீட் பாடத்திட்டத்திலும் இவை இல்லை. நீட்டில் இல்லாததை எந்தப் பிள்ளையும் தானாகத் தேடிப் படிக்கப் போவதில்லை.

சுமை குறைந்தால் நல்லதுதானே என்று பெற்றோர் நினைப்பது நியாயம்தான். எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் என்று பொதுவாகச் சொன்னால் “வாத்தியார் புலம்ப ஆரம்பித்துவிட்டார்” என்று நகர்ந்துவிடுவீர்கள். அதனால் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். உலோக உப்பையும் பலபடியையும் தண்ணீரில் கரைத்துப் பாகாக்கி, அதைத் தகட்டில் பூசிச் சுட்டு, மின்தடையே இல்லாத பீங்கான் படலம் செய்கிற வித்தை. வெட்டி எறிந்த அந்த மூன்று பாடங்களும் சேர்கிற இடம் இது. பெரிய பணம் இல்லாத ஆய்வுக்கூடமும் கை வைக்கக்கூடிய இடமும் இதுதான்.

மீக்கடத்தி என்றால் என்ன என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சில பொருள்களைக் குளிரவைத்துக்கொண்டே போனால் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் அவற்றின் மின்தடை சுத்தமாக இல்லாமல் போகும். 1911-ல் ஹாலந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஆன்னஸ் பாதரசத்தில் இதைக் கண்டார். ஆனால் அதற்கு 4 கெல்வின் வரை குளிரவைக்க வேண்டும். மைனஸ் 269 டிகிரி. திரவ ஹீலியம் வேண்டும். ஹீலியம் விலையும் அதிகம், கிடைப்பதும் அரிது. 75 வருடம் இந்தக் கதை பெரிதாக மாறவில்லை. 1986-ல் சுவிட்சர்லாந்தில் பெட்னார்ஸ், முல்லர் என்ற இருவர் தாமிரம் கலந்த ஆக்சைடு ஒன்றில் சுமார் 30 கெல்வினிலேயே மீக்கடத்தலின் தடயத்தைக் கண்டார்கள். ஆக்சைடு என்றால் பீங்கான் சாதி. சாதாரணமாக மின்சாரத்தைத் தடுக்கத்தான் பீங்கானை வைப்போம். மின்கம்பத்தில் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாதியில் போய் மீக்கடத்தியா என்று உலகமே வாய் பிளந்தது. அடுத்த வருடமே நோபல் பரிசு.

1987 தொடக்கத்தில் அமெரிக்காவில் பால் சூ, எம்.கே. வூ குழுவினர் இட்ரியம், பேரியம், தாமிரம் கலந்த ஆக்சைடில் 90 கெல்வினைத் தாண்டினார்கள். அந்தக் கலவையில் எந்தப் பகுதி இந்த வேலையைச் செய்கிறது என்று உலகம் முழுக்கப் பல ஆய்வுக்கூடங்கள் தேடின. தேடிக் கண்டுபிடித்தவர்களில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் சி.என்.ஆர். ராவ் குழுவும் உண்டு. அதே வருடம் நேச்சர் இதழில் அவர்கள் கட்டுரை வந்தது. இட்ரியம் ஒன்று, பேரியம் இரண்டு, தாமிரம் மூன்று. ஆய்வுக்கூடங்களில் இதற்கு 1-2-3 என்றே பெயர்.

90 கெல்வின் ஏன் அவ்வளவு முக்கியம் தெரியுமா? திரவ நைட்ரஜன் 77 கெல்வினில், மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும். அதாவது இந்தப் பீங்கானுக்கு ஹீலியம் வேண்டாம், நைட்ரஜனே போதும். நைட்ரஜன் எங்கே கிடைக்கும்? நம் பக்கத்தில் மாடு வளர்க்கிற எல்லோரும் பார்த்ததுதான். கால்நடை மருந்தகத்தில் சினை ஊசி போட வருகிறவர் அலுமினியக் குடுவையைத் திறந்ததும் வெள்ளைப் புகை வருமே, அதற்குள் இருப்பது திரவ நைட்ரஜன். உறைந்த விந்துக் குச்சிகளை அதில்தான் வைத்திருக்கிறார்கள். உலகத்தின் பெரிய ஆய்வுக்கூடங்களில் மட்டும் இருந்த மீக்கடத்தல், 1987-க்குப் பிறகு நம் ஊர் சினை ஊசிக் குடுவைக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. இதை வகுப்பில் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

சரி, அதை எப்படிச் செய்வது? இங்கேதான் என் விஷயம் ஆரம்பிக்கிறது.

முதல் வழி எளிது. இட்ரியம் ஆக்சைடு, பேரியம் கார்பனேட், தாமிர ஆக்சைடு மூன்றையும் அளந்து போட்டுக் கல்வத்தில் அரைக்க வேண்டும். 900 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் சுட வேண்டும். ஆறவைத்து மறுபடி அரைத்து, மறுபடி சுட வேண்டும். பிறகு வில்லையாக அழுத்தி, ஆக்சிஜன் ஓட்டத்தில் மெதுவாக ஆறவைக்க வேண்டும். அரிசியும் உளுந்தும் தனித்தனியாக முழுசாகக் கிடந்தால் தோசை வராது. இங்கேயும் அப்படித்தான். எவ்வளவு அரைத்தாலும் ஒவ்வொரு துகளும் கோடிக்கணக்கான அணுக்கள் கொண்ட கட்டி. அந்தக் கட்டியிலிருந்து இந்தக் கட்டிக்கு அணுக்கள் ஊர்ந்து போய்ச் சேர வேண்டும். அதற்குத்தான் அத்தனை சூடும் அத்தனை நேரமும். கலவை சரியில்லை என்றால் கருப்பு வில்லையில் பச்சைப் புள்ளிகள் தெரியும். அந்தப் பச்சை வேறு சேர்மம். மின்சாரத்தை மீக்கடத்தாது.

வில்லை கிடைத்தால் போதுமா? காந்தத்தை மேலே மிதக்கவிட்டுக் காட்டப் போதும். அதற்கு மேல் அதில் பெரிய மின்னோட்டத்தை அனுப்ப முடியாது. ஒரு சதுர சென்டிமீட்டர் வழியாகச் சில நூறு ஆம்பியர் போனாலே பெரிது. வில்லைக்குள் இருக்கிற குறுமணிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் காரணம். இரண்டு மணிகளுக்கு இடையே கோணம் சுமார் 10 டிகிரியைத் தாண்டினாலே மின்னோட்டம் மடமடவென்று விழுந்துவிடும் என்று 1988-ல் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தினர் அளந்து காட்டினார்கள். ஆக, மணிகள் எல்லாம் அணிவகுப்பில் நிற்கிற மாதிரி ஒரே திசையில் நிற்க வேண்டும். அதற்குச் சரியான படிகத் தகட்டின் மேல் மெல்லிய படலமாக வளர்க்க வேண்டும். அப்படி வளர்த்த நல்ல படலத்தில் அதே 77 கெல்வினில் சதுர சென்டிமீட்டருக்கு 10 லட்சம் ஆம்பியருக்கு மேல் போகும். ஒரே பொருள். செய்கிற விதம்தான் வேறு. ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம்!

படலம் எதற்கு உதவும் என்று கேட்பவர்களுக்கு: கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் கல்பாக்கம். அங்கே இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் ஸ்க்விட் என்கிற உணரிகளைத் தாங்களே செய்கிறார்கள். இதயமும் மூளையும் உண்டாக்குகிற மிக நுண்ணிய காந்தப்புலத்தை உடம்பைத் தொடாமலே அளக்க அவை உதவுகின்றன. அவை நியோபியம் உலோகப் படலங்கள், திரவ ஹீலியத்தில் வேலை செய்பவை. பீங்கான் படலம் அல்ல. ஆனால் மீக்கடத்தியைப் படலமாக்கினால் என்ன வரும் என்பதற்கு நம் பக்கத்திலேயே இருக்கிற சாட்சி அது.

பீங்கானைப் படலமாக்க 1987-லேயே ஒரு நல்ல வழி கிடைத்தது. அமெரிக்காவில் பெல்கோர் ஆய்வுக்கூடத்தில் வெங்கடேசனும் அவருடைய குழுவினரும் லேசர் ஒளியை 1-2-3 வில்லையின் மேல் துடிப்புத் துடிப்பாக அடித்தார்கள். வில்லை ஆவியாகித் தகட்டில் போய்ப் படிந்தது. அருமையான முறை. இன்றும் உலகம் முழுக்க நடக்கிறது. ஆனால் லேசர் வேண்டும், வெற்றிடக் கலம் வேண்டும், அதைப் பராமரிக்க ஆள் வேண்டும். நம்மைப் போன்ற ஊர்களின் கல்லூரிக்கு அது எட்டாது.

இன்னொரு வழி, கரைசல் வழி. எனக்குப் பிடித்தது இதுதான்.

இதன் வேர் மீக்கடத்தியில் இல்லை. 1967-ல் மாஜியோ பெச்சினி என்பவர் அமெரிக்காவில் ஸ்ப்ரேக் எலக்ட்ரிக் என்ற கம்பெனியில் மின்தேக்கி செய்வதற்காக ஒரு காப்புரிமை வாங்கினார். உலோக உப்புகளைச் சிட்ரிக் அமிலத்தோடு கரைக்க வேண்டும். எலுமிச்சையில் இருக்கிற அதே சிட்ரிக் அமிலம். அது நண்டு கொடுக்கால் பிடிக்கிற மாதிரி உலோக அயனியைப் பல பக்கமும் பிடித்துக்கொள்ளும். பிறகு எத்திலீன் கிளைக்கால் என்ற ஆல்கஹாலை ஊற்றிச் சூடாக்க வேண்டும். அமிலமும் ஆல்கஹாலும் கைகோத்து எஸ்டராகி, நீண்டு, கிளைவிட்டு, வலையாகிவிடும். பாலிமர் பாடம் நடத்திய யாருக்கும் இது புரியும். திரவம் கெட்டியாகிப் பாகாகும். அந்த வலையின் ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் உலோக அயனி மாட்டிக்கொண்டு நிற்கும். ஒன்று இட்ரியம், பக்கத்தில் பேரியம், அதற்குப் பக்கத்தில் தாமிரம். அரைக்கவே தேவையில்லை. அணுவுக்கு அணு கலந்தாயிற்று.

கரும்பு விளைகிற பூமி நம்முடையது. லிங்காரெட்டிப்பாளையம் சர்க்கரை ஆலை ஓடிய காலத்தில் இந்தச் சாலையெல்லாம் கரும்பு வண்டிதான். வெல்லம் காய்ச்சிப் பார்த்தவர்களுக்குப் பதம் என்றால் என்ன என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு கொதி முன்னால் இறக்கினால் கட்டாது. ஒரு கொதி தாண்டினால் கருகும். கரைசல் வழியில் பதம்தான் எல்லாம். பாகு தண்ணீராக இருந்தால் தகட்டில் நிற்காமல் ஓடிவிடும். கெட்டியாகப் போனால் திட்டுத் திட்டாகப் படியும். சரியான பதத்தில் எடுத்துத் தகட்டின் நடுவில் சொட்டுவிட்டு, நிமிடத்துக்குச் சில ஆயிரம் சுற்று வேகத்தில் தகட்டைச் சுழற்றினால் பாகு எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பரவும். அது தகட்டோடு ஒட்டுமா, உருண்டு திரளுமா என்பதைப் புறப்பரப்பு விசைகள் தீர்மானிக்கும். இது நீக்கப்பட்ட இரண்டாவது பாடம்.

பிறகு சுட வேண்டும். பலபடி எரிந்து போக வேண்டும். சுவாமிமலையில் மெழுகில் சிலை செய்து, மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி வெளியேறிய இடத்தில் ஐம்பொன்னை வார்க்கிறார்கள். மெழுகுக்குச் சிலையில் இடமில்லை, ஆனால் மெழுகில்லாமல் சிலை இல்லை. பலபடிக்கும் இங்கே அதே கதிதான். அயனிகளைக் கலைந்துவிடாமல் கடைசி வரை பிடித்துக் கொண்டுவந்து சேர்த்துவிட்டுத் தான் புகையாகிவிடும். மிச்சம் நிற்கிற ஆக்சைடு தகட்டின் படிக ஒழுங்கைப் பார்த்துத் தன்னை அடுக்கிக்கொள்ளும். இது மூன்றாவது பாடம், திடநிலை.

வில்லியனூர் சுடுமண் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெருமையாகப் பேசுகிறோம். அங்கே சூளை பக்கம் போய்ப் பாருங்கள். ஈரமான பொம்மையை நேரே நெருப்பில் வைக்கிறவர் யாருமில்லை. நிழலில் காய வேண்டும், பிறகு மெதுவாகச் சூடேற வேண்டும். அவசரப்பட்டால் விரிசல். பாகுப் படலத்திலும் இதே பிரச்சினைதான். தண்ணீரும் பலபடியும் வெளியேறும்போது படலம் சுருங்கும். தகடு சுருங்காது. இரண்டுக்கும் நடுவில் இழுபறி நடந்து படலம் வெடிக்கும். அதனால்தான் ஒரே பூச்சாகத் தடியாகப் பூசாமல், மெல்லிசாகப் பூசி, காயவைத்து, சுட்டு, மறுபடி பூசுகிறார்கள்.

இது எல்லாவற்றையும் தீர்த்துவைத்த வழி என்று நான் சொல்லவில்லை. ஒரு வில்லன் உண்டு. பேரியம். பலபடி எரியும்போது கரியமிலவாயு வரும். பேரியம் அதை விடாமல் பிடித்துக்கொண்டு பேரியம் கார்பனேட் ஆகிவிடும். அந்தக் கார்பனேட்டை விரட்டப் பெரும் சூடு வேண்டும். விரட்ட முடியாமல் மணிகளுக்கு நடுவில் தங்கிவிட்டால் மின்னோட்டம் அங்கேயே நின்றுபோகும். 1988-ல் ஐபிஎம்மில் அருணவ குப்தா, ஜெகந்நாதன் முதலானோர் இதற்கு ஒரு மாற்று கண்டார்கள். டிரைஃப்ளூரோ அசிட்டேட் உப்புகளை எடுத்தார்கள். இப்போது பேரியம் கார்பனேட்டாக மாறாமல் ஃப்ளூரைடாக நிற்கும். நீராவி கலந்த வாயுவில் சுட்டால் ஃப்ளூரின், ஹைட்ரஜன் ஃப்ளூரைடாக வெளியேறும். பேரியம் ஆக்சைடுக்குள் சேரும். வெளியே போகிற வாயு கொடிய விஷம், அதைப் பிடித்து அடக்க வேண்டும் என்பது இதன் விலை. ஆனாலும் இந்த வழியில் வந்த நாடாக்கள் பிற்பாடு தொழிற்சாலையிலேயே ஓடின. அமெரிக்கன் சூப்பர்கண்டக்டர் கம்பெனி இதைத்தான் பிடித்துக்கொண்டது. பார்சிலோனாவில் ஒப்ராடோர்ஸ், தெரேசா பூச் குழுவினர் கரைசல் வழியைப் பல ஆண்டுகளாக மெருகேற்றி வருகிறார்கள்.

பலபடியையே நேராக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. 2004-ல் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தின் ஜியா, மெக்கிளெஸ்கி, பரெல் குழுவினர் நேச்சர் மெட்டீரியல்ஸ் இதழில் ஒரு முறையை எழுதினார்கள். பாலிஎத்திலீன் இமீன் என்ற பலபடி உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கரைசலை மிக நுண்ணிய வடிகட்டியில் வடித்தால் பெரிய பலபடி மேலே தங்கும். பிடிபடாத அயனியும் வேண்டாத உப்பும் கீழே போய்விடும். மிஞ்சியதில் எவ்வளவு உலோகம் என்று துல்லியமாக அளந்து, வேண்டிய விகிதத்தில் கலந்து, பூசிச் சுட வேண்டியதுதான். தண்ணீர்க் கரைசல், மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். வடிகட்டிப் பிரிக்கிற அந்த ஒரு யோசனைக்காகவே அவர்களுக்குக் கைதட்டலாம்.

நம் நாட்டில்? பெங்களூரிலேயே 1988-ல் கே.சி. பாட்டீல், கிங்ஸ்லி என்ற தன் மாணவரோடு சேர்ந்து செய்த ஒன்று இருக்கிறது. அலுமினியம் நைட்ரேட்டையும் யூரியாவையும் தண்ணீரில் கரைத்தார்கள். ஆமாம், நெல்லுக்குப் போடுகிறோமே, அதே யூரியா. 500 டிகிரியில் இருந்த உலைக்குள் வைத்தார்கள். கொதித்தது, நுரைத்தது, தீப்பிடித்தது. ஐந்து நிமிடத்துக்குள் வெள்ளைப் பஞ்சு மாதிரி நேர்த்தியான அலுமினா. சாதாரணமாக அந்தப் படிக வடிவம் வர 1,000 டிகிரிக்கு மேல் நெடுநேரம் சுட வேண்டும். இங்கே வேண்டிய சூட்டை எரிகிற கலவையே கொடுத்துக்கொண்டது. இந்தக் கரைசல் எரிப்பு முறையில் இன்று உலகம் முழுக்க எத்தனையோ ஆக்சைடுகள் செய்கிறார்கள். 1-2-3 சேர்மத்தையும் செய்திருக்கிறார்கள். இது படலம் அல்ல, தூள். ஆனால் தத்துவம் ஒன்றுதான்: திடமாக அரைக்காதே, கரைத்துக் கல.

இப்போது சொல்லுங்கள், சி.என்.ஆர். ராவ் பெயர் பிள்ளைகளுக்குத் தெரியும். பாரத ரத்னா வாங்கியவர், பொது அறிவுக் கேள்வியில் வருவார். பாட்டீல் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? இதே கதைதான் எல்லா இடத்திலும். யார் கண்டுபிடித்தார், எந்த வருடம், எத்தனை கெல்வின் என்பதைப் பாடமாக்குகிறோம். எப்படிச் செய்தார்கள் என்பதை விட்டுவிடுகிறோம். நீக்கப்பட்ட திடநிலைப் பாடத்தின் தொடக்கத்திலேயே உயர்வெப்ப மீக்கடத்தி என்ற சொல் இருந்தது. அதைப் படித்த ஒரு பிள்ளையாவது “சார், அப்படின்னா என்ன?” என்று கேட்க வாய்ப்பிருந்தது. இப்போது கேட்கச் சொல்லே இல்லை.

இதில் நமக்கு மட்டும் கூடுதல் வருத்தம் ஒன்று இருக்கிறது. காட்டேரிக்குப்பத்திலிருந்து சைக்கிளில் கிளம்பினால் எது புதுச்சேரி, எது தமிழ்நாடு என்று சொல்ல முடியாது. ஒரு வயல் நமது, அடுத்த வயல் விழுப்புரம் மாவட்டம். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் திட நிலைமை ஒரு முழு அலகாக இருக்கிறது. புறப்பரப்பு வேதியியல் இருக்கிறது. பலபடிகள் ‘அன்றாட வாழ்வில் வேதியியல்’ அலகுக்குள் இருக்கின்றன. சில வருடம் முன்புவரை நம் பிள்ளைகளும் அதே புத்தகத்தைத்தான், அதுவும் தமிழிலேயே படித்தார்கள். சிபிஎஸ்இக்கு மாறினால் தரம் உயரும் என்று சொன்னார்கள். பாடத்தை எண்ணிப் பார்த்தால் வேதியியலில் நாம் கொடுத்தது அதிகம், வாங்கியது குறைவு.

இதற்கு மூன்று பதில்கள் வரும் என்று தெரியும். நீட்டுக்குத் தேவையில்லை என்பார்கள். நம் பகுதியில் அறிவியல் படிக்கிற பிள்ளைகளில் மருத்துவம் சேர்பவர் எத்தனை பேர்? மற்றவர்கள் பி.எஸ்சி. வேதியியலோ டிப்ளமோவோ முடித்து, சேதராப்பட்டிலும் மேட்டுப்பாளையத்திலும் பெயின்ட், பிளாஸ்டிக், மருந்துக் கம்பெனிகளில் வேலை தேடுகிறார்கள். அங்கே பூச்சு வேலை, பாலிமர் வேலை, சுடுகிற வேலை. வேலைக்கே உதவுகிற பாடத்தை வேலைக்குப் போகிற பிள்ளையிடமிருந்து எடுத்துவிட்டோம். அடுத்து, கல்லூரியில் படித்துக்கொள்ளலாம் என்பார்கள். கல்லூரியில் சேரலாமா என்று பிள்ளை முடிவு செய்வதே பிளஸ் டூவில் எதைப் பார்த்து ஆசைப்பட்டது என்பதை வைத்துத்தான். கூகுளில் எல்லாம் கிடைக்குமே என்கிற மூன்றாவது பதிலுக்கு நான் பதில் சொல்வதில்லை. கேள்வி இருந்தால்தானே தேட முடியும்?

புலம்பலோடு நிறுத்தாமல் ஒன்று சொல்கிறேன். டெல்லியில் புத்தகத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. ஆனால் சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறைத் தேர்வில் 30 மதிப்பெண்ணில் 4 மதிப்பெண் புராஜெக்ட்டுக்கு. அந்த நான்கு மதிப்பெண்ணை இப்போது எப்படி வாங்குகிறார்கள் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். பாலில் கலப்படம், டீத்தூளில் கலப்படம் என்று பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, முதல் பக்கத்தில் நன்றி நவிலல். போன வருடத்துப் பெயரை அழிக்காமல் கொண்டுவந்த பிள்ளையைக்கூடப் பார்த்திருக்கிறேன்.

அந்த இடத்தில் ஒரு படலம் செய்யலாம். மீக்கடத்தி வேண்டாம். கரையும் பேரிய உப்பு விஷம், பள்ளியில் அது கூடாது. பாட்டீலின் எரிப்பு முறையும் வகுப்பறைக்கு ஆகாது, நைட்ரேட்டும் எரிபொருளும் சேர்ந்தால் விளையாட்டல்ல. துத்தநாகம் போதும். பிவிஏ, அதாவது பாலிவினைல் ஆல்கஹால், பசையில் இருக்கிற பலபடிதான். அதைச் சூடான தண்ணீரில் கலக்கிக்கொண்டே கரைத்து, துத்தநாக அசிட்டேட் கரைசலைச் சேர்க்க வேண்டும். நன்றாகக் கழுவிய கண்ணாடிச் சில்லை அதில் முக்கி மெதுவாக மேலே எடுக்க வேண்டும். காயவைத்து, மஃபிள் உலையில் 450 டிகிரிக்கு மெதுவாகச் சூடேற்றி ஒரு மணி நேரம் வைத்தால் பலபடி போய்விடும், துத்தநாக ஆக்சைடு படலம் நிற்கும். சிறிய உலை ஒன்றின் விலை, வகுப்பறையில் மாட்டிவைத்துவிட்டுப் பாதி நாள் அணைந்தே கிடக்கிற ஸ்மார்ட் போர்டை விட அதிகமில்லை. ஒரு பள்ளி வாங்கினால் கொம்யூன் முழுக்க முறைவைத்துப் பயன்படுத்தலாம்.

படலம் வந்ததா என்று சோதிக்கவும் வழி உண்டு. மெத்திலீன் நீலச் சாயத்தை மிக நீர்த்த கரைசலாக்கி மூன்று கிண்ணத்தில் ஊற்றுங்கள். ஒன்றில் பூசிய சில்லு, ஒன்றில் வெறும் சில்லு, இரண்டும் வெயிலில். மூன்றாவதில் பூசிய சில்லைப் போட்டு இருட்டில் வையுங்கள். துத்தநாக ஆக்சைடு சூரிய ஒளியின் புறஊதாக் கதிரை வாங்கிச் சாயத்தைச் சிதைக்கும். வெயிலில் சாயம் தானாகவும் கொஞ்சம் வெளுக்கும், அதனால்தான் வெறும் சில்லு வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றை வைக்காமல் எதையும் நம்பக்கூடாது என்பதை இதைவிட நன்றாகச் சொல்லித்தர எனக்குத் தெரியவில்லை. வெயிலுக்கா நம் ஊரில் பஞ்சம்?

பணியில் இருக்கிற வேதியியல் ஆசிரியர்கள் யாராவது இந்த வருடம் முயல நினைத்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், நேரில் வந்து உதவுகிறேன். பிவிஏவைக் குளிர்ந்த தண்ணீரில் தூவி ஊறவிட்டுப் பிறகு 80, 90 டிகிரிக்குக் கொண்டுபோங்கள். நேரே வெந்நீரில் கொட்டினால் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். உலையை ஜன்னல் பக்கம் வையுங்கள், புகை வரும். சூட்டை நிமிடத்துக்கு இரண்டு, மூன்று டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். முதல் சில்லு அநேகமாக வெடித்துத்தான் வரும். அதை எறிந்துவிடாமல் பூதக்கண்ணாடியில் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், விரிசல் எந்தப் பக்கமாக ஓடியிருக்கிறது என்று வரையச் சொல்லுங்கள். அடுத்த பூச்சில் பாகை இன்னும் கொஞ்சம் இளக்கமாக எடுக்க வேண்டும்.